டொன்னின் வீட்டுக்குப் போன கடிதம்

இதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதமும் கடைச் சிட்டையும் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நாலு பக்கம் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கம்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வைத்தவர்கள் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். இருவரும் தாதிகள். நான் பதின்மூன்று வருடம் உதவித் தாதியாக இருந்த பழைய ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அங்கிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டவர்கள் இவர்கள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டு கதைத்தார்கள். இப்போது இறந்தவர்களை வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் வைத்து சிப்பை இழுத்து மூடுகிறார்களாம். அதிக நேரம் எடுக்காதாம்.

"பை இல்லாத காலத்தில என்ன செய்தனீங்கள், அன்ரி?" என்று ஒருத்தி கேட்டாள்.

கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எப்படிப் பதில் சொல்வது? பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முழங்கால் தேய்ந்து ஐம்பது வயதிலேயே ஓய்வு எடுத்தவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில், என் அண்ணையின் வீட்டுக்கு. அதற்கு ஒரு வருடம் முன்பு இவர், என் கணவர், ஊரில் சண்டை மூண்டபோது மாதகல் கரையில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். பதினொரு பேர் ஏறிய வள்ளம். அந்தப் பக்கம் அது கரை சேரவில்லை. இந்தப் பக்கம் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. மாமி, இவருடைய தாய், சாதகம் பார்க்கும் சாத்திரியிடம் போய்க் கேட்டார். ஆள் உயிரோடு ஏதோ ஒரு சிறையில் இருக்கிறார் என்று சாத்திரி சொன்னாராம். அதற்குப் பிறகு மாமியின் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சிறை இருந்தது. நான் பொட்டும் தாலியுமாக லண்டனில் வந்து இறங்கினேன். ஏழு வருடம் அப்படியே இருந்தேன். உயிரோடு இருப்பவருக்குத் திதி கொடுத்தால் பாவம். இறந்தவருக்குக் கொடுக்காமல் விட்டால் அதுவும் பாவம். இரண்டில் எது என் தலையில் இருக்கிறது என்று தெரியாமல்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பஸ் ஏறினேன்.

வேலை பழகிய கதை சிறியது. ஆறு கிழமை கட்டில் விரிக்கவும் ஆளைப் புரட்டவும் உணவு தீத்தவும் காட்டித் தந்தார்கள். குளிருதா, நோகுதா, தண்ணீர் வேணுமா என்று இங்கிலீசில் மூன்று கேள்வி பாடமாக்கிக்கொண்டு முதியோர் வார்ட்டுக்குள் போனேன்.

அந்த வார்ட்டின் பொறுப்பாளர் சிஸ்டர் கீன். அயர்லாந்தில் லிமெரிக் பக்கத்துப் பெண். மெலிந்த உயரமான ஆள், நடக்கும் சத்தமே கேட்காது. கோபம் வந்தால் அவருடைய குரல் கூடாது, குறையும். மிகவும் கோபம் என்றால் அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் குனிய வேண்டியிருக்கும். யாராவது கட்டில் விரிப்பின் மூலையைப் பிழையாக மடித்தால் ஒன்றும் பேசமாட்டார். வந்து அதைக் குலைத்து, எங்கள் கண் முன்னாலேயே திருப்பி மடித்துவிட்டுப் போவார். தேநீர்க் கோப்பையை வைக்கும்போது நோயாளிக்கு எந்தக் கை வழங்குமோ அந்தப் பக்கம் கோப்பையின் காது திரும்பியிருக்க வேண்டும். இன்றைக்கும் என் வீட்டில் யாருக்குத் தேநீர் கொடுத்தாலும் கை தானாகக் கோப்பையைத் திருப்புகிறது.

முதல் நாள் சிஸ்டர் என் கழுத்தைப் பார்த்து, நகை போடக்கூடாது, கல்யாண மோதிரம் மட்டும் போடலாம் என்றார். இதுதான் என் கல்யாண மோதிரம் என்று தாலியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். தன் சட்டையில் குத்தியிருந்த ஊசி ஒன்றைக் கழற்றி, தாலிக்கொடியை என் சீருடையின் உட்பக்கத்தில் குத்திவிட்டார். அதைப் பற்றி அதன் பிறகு அவர் கேட்டதே இல்லை.

பிள்ளைகள் கேட்டதற்கு வருகிறேன். அப்போது ஒருவர் இறந்தால் ஒரு மணித்தியாலம் அவரைத் தொடமாட்டோம். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து, யன்னலை ஒரு சாண் திறந்துவிடுவார் சிஸ்டர். ஏன் என்று கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பார். மழைக்காலத்திலும் காற்றோட்டம்தான். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் இரண்டு பேர் போக வேண்டும், தனியாகப் போகக்கூடாது. நனைத்த பஞ்சால் கண்ணிமையை மூடுவோம். தாடை விழாதபடி ஒரு சின்னத் தலையணை. பிறகு இளஞ்சூடான தண்ணீரில் முகத்திலிருந்து கால்வரை கழுவுவோம். "மிஸ்டர் பிரவுண், இப்ப உங்களை இடப்பக்கம் திருப்பப் போறம்" என்று உயிரோடு இருப்பவருக்குச் சொல்வது போலச் சொல்லிச் சொல்லித்தான் சிஸ்டர் திருப்புவார். நகம் வெட்டி, சீப்பால் தலை இழுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் ஒரு பெயர்த்துண்டும் கணுக்காலில் ஒன்றும் கட்டுவோம். உடம்போடு என்ன போகிறதோ, மோதிரமோ செபமாலையோ, எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வைப்போம். எழுதாத பொருள் ஒரு குண்டூசியென்றாலும் வார்ட்டை விட்டுப் போகக்கூடாது. கடைசியில் துணியால் சுற்றி ஊசி குத்துவது சிஸ்டரின் வேலை. அதற்கு முன் தலை முதல் கால்வரை ஒருமுறை தானே பார்ப்பார்.

முதல் முறை இதைச் செய்து முடித்ததும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் ஒன்றையும் தொடமாட்டோம். இன்னும் பதினெட்டுப் பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். சிஸ்டரிடம் போய், குளிக்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் பூட்டியிருந்த தாதிகளின் குளியலறைத் திறப்பையும் ஒரு துவாயையும் தந்தார். பதினைந்து நிமிடம் என்றார். அன்றிலிருந்து அந்த வார்ட்டில் யார் இறந்தாலும், நான் கேட்க முதலே துவாய் என் கதிரையில் இருக்கும்.

இனி மிஸ்டர் சலிவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இலையுதிர் காலத்தில் வந்தார். பன்னிரண்டாம் கட்டில், யன்னல் ஓரம். எண்பது வயதுக்குக் கிட்ட. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலைநாட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் லண்டனுக்கு வந்து சுரங்கப் பாதை தோண்டியவர். அந்தத் தூசி நெஞ்சில் இருந்தது. கல்யாணம் செய்யவில்லை. ஊரில் ஒரு பெறாமகள், கூடப்பிறந்தவரின் மகள், மட்டும். தான் இறந்தால் அவள் வந்து உடலைக் கப்பலில் கொண்டுபோய் ஊரில் புதைப்பாள், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று கல்யாணச் செய்தி சொல்வது போலச் சொன்னார்.

அவரும் சிஸ்டரும் பேசியது இங்கிலீசு. எனக்கு விளங்கிய விதமாக எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

நாலு மணித் தேநீர் நேரத்தில்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். ஆதியில் அயர்லாந்துக்குக் கப்பல்களில் ஒரு கூட்டம் வந்ததாம். அதில் மூத்தவன் பெயர் டொன். கருமை கலந்த மண்ணிறம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். "உம்மட ஆக்களில ஒருத்தனாத்தான் இருக்க வேணும்" என்று என் கையைக் காட்டிச் சிரித்தார். அந்தத் தேசத்துக்கு ஒரு பெண் தெய்வம் இருந்தது. டொன் அவளை மதிக்காமல் பேசினான். இந்த மண்ணில் உனக்குப் பங்கில்லை என்றாள் அவள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவன் கப்பல் மூழ்கித் தாண்டது. தம்பிமார் அவனை ஒரு கற்பாறைத் தீவில் வைத்தார்கள். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய ஓட்டை, கடல் அதற்குள்ளால் ஓடும். அதுதான் டொன்னின் வீடு. தன் சந்ததியார் எல்லோரும் இறந்த பிறகு முதலில் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டானாம். அன்றிலிருந்து அவனே இறந்தவர்களின் தெய்வம். சிறு வயதில் அவர் தகப்பனோடு அந்தப் பக்கம் வலை போடப் போகும்போது, தகப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பாறையைக் கடப்பாராம்.

எங்கள் எமன் எருமையில் பாசக்கயிற்றோடு வந்து பிடித்துக்கொண்டு போவான் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"டொன் ஆரையும் பிடிக்கிறேல்லை. அவன் வீட்டுக்காரன். கதவைத் திறந்து வைச்சிருக்கிறான், அவ்வளவுதான்."

அந்த நேரம் மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த சிஸ்டர் நின்றுவிட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை தவறவிடாத கத்தோலிக்கர். இந்த வார்ட்டில் பேய்க்கதை வேண்டாம் என்று, நாங்கள் குனிந்து கேட்கும் குரலில் சொன்னார். பிறகு மாத்திரையை எண்ணிக்கொண்டே, "அதோட, டொன் இருக்கிறது கடலில இல்லை. எங்கட ஊர் மலைக்குள்ள. மலையில முகில் கட்டினா டொன் மழைக்கு ஆயத்தப்படுத்திறான் எண்டுதான் என்ட தகப்பன் வைக்கோலை உள்ளுக்க எடுப்பார்" என்றார்.

"லிமெரிக் ஆக்களுக்கு எல்லாம் தங்கட வளவுக்குள்ள இருக்க வேணும்" என்றார் மிஸ்டர் சலிவன்.

"மாத்திரையை விழுங்கும்."

எனக்கு அது விசித்திரமாக இருக்கவில்லை. முருகனுக்கு ஆறு வீடு இருக்கும்போது டொன்னுக்கு இரண்டு இருந்தால் என்ன? பல வருடம் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்தக் காலத்துத் துறவிகள் இந்தக் கதைகளை ஏட்டில் எழுதும்போது டொன்னைத் தெய்வம் என்று எழுத மனமில்லாமல் வெறும் முன்னோனாக எழுதிவிட்டார்களாம். பாவிகள் மட்டும்தான் நரகத்துக்குப் போகும் வழியில் அவன் வீட்டுக்குப் போவார்கள் என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தார்களாம். எமனும் முதலில் இறந்த மனிதன்தான், பின்னால் வருகிறவர்களுக்கு வழி கண்டவன் என்று ஒரு கோயில் பிரசங்கத்தில் கேட்டபோது, மிஸ்டர் சலிவன் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

ஒருநாள் மிஸ்டர் சலிவனுக்குத் தலையணை சரிப்படுத்தும்போது என் சட்டை ஊசி கழன்று தாலி வெளியே விழுந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன். அண்ணை வீட்டில்கூட அவ்வளவு சொன்னதில்லை. கேட்டுவிட்டு அவர் டொன்னின் வீட்டுக் கதைக்குத் திரும்பினார்.

"கடலில போனவையெல்லாம் முதல் அங்கதான் வருவினம். நான் எப்பிடியும் கெதியிலை அந்த வழியால போவன். ஆளை விசாரிச்சுப் பாக்கிறன். பேர் என்ன?"

"என்ட மனுசன் சாகேல்லை" என்றேன். அந்த வார்ட்டில் நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

"அப்ப நல்லது. சாகேல்லையெண்டா அங்க இருக்க மாட்டார்."

"நீங்கள் திரும்பி வந்து சொல்லப்போறீங்களோ?"

"ஓம், அது ஒரு குறைதான்" என்றார் அவர்.

இரண்டு நாள் நான் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போகவில்லை. வேறு ஆளுடன் வேலையை மாற்றிக்கொண்டேன். வீட்டில் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, எட்டு வருசமாச்சு பிள்ளை, ஒரு நாளைப் பார்த்து ஐயரைக் கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வோமா என்று மெதுவாகக் கேட்டார். நான் சட்டி கழுவப் போனேன். அன்று மாமியின் கடிதமும் வந்திருந்தது. சிறையில் சாப்பாடு எப்படியோ என்று கவலைப்பட்டிருந்தார்.

மூன்றாம் நாள் போனபோது மிஸ்டர் சலிவனுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் இருந்தது. உதட்டை நனைத்துவிட்டேன். என்னை அடையாளம் கண்டார்.

"பேர் தெரியாமல் நான் ஆரெண்டு கேக்கிறது?" என்றார்.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. புருசனின் பெயரைப் பெண் வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று வளர்ந்தவள் நான். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிட்டேன். குடிவரவு அலுவலகத்தில்கூட அண்ணைதான் பெயரைச் சொன்னார். அதைவிட, மிஸ்டர் சலிவனிடம் பெயரைக் கொடுத்தால் என் மனுசன் அந்த வீட்டில் இருக்கிறார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கும் நேரத்தில் அவர் இறந்தார். சிஸ்டர் திரையை இழுத்து யன்னலைத் திறந்தார். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு இருந்தது. துணி வைக்கும் அறைக்குள் போய், மருந்துக் கம்பனி ஒன்று தந்த குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பழக்க தோஷத்தில் 'நான் நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, அதை வெட்டினேன். பிறகு எழுதினேன்.

நானும் சிஸ்டரும்தான் அவரைக் கழுவினோம். "மைக்கல், இப்ப உம்மட முதுகு" என்று சிஸ்டர் சொன்னார். அதுவரை அவரை மிஸ்டர் சலிவன் என்று மட்டுமே கூப்பிட்டவர். பெயர்த்துண்டு எடுக்க அவர் மேசைக்குப் போனபோது, மடித்த தாளை வெள்ளைச் சட்டைக்குள், நெஞ்சுப் பக்கமாக வைத்தேன். அவர் வழக்கம்போல் தலை முதல் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

சிஸ்டரின் கை நெஞ்சில் நின்றது. தாளை எடுத்தார். விரித்தார். தமிழ் எழுத்து. வார்ட்டில் அந்த எழுத்து என் ஒருத்திக்குத்தான் சொந்தம்.

"இது என்ன?" குரல் மிகவும் கீழே போயிருந்தது.

"கடிதம், சிஸ்டர்."

"பெறாமகள் நாளைக்கு வந்து இதைக் கண்டா நான் என்ன சொல்லுறது?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"வாசியும்" என்றார்.

தாளை என் கையில் தந்தார். நான் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கினேன். வயது முப்பத்தைந்து. இடப்பக்கப் புருவத்தில் வெட்டுக்காயம். உடுத்தியிருந்தது நீலக் கோடு போட்ட சேட். மாதகலிலிருந்து பதினொரு பேரோடு வந்த வள்ளம். நான் லண்டனில் அண்ணையோடு இருக்கிறேன், வேலை செய்கிறேன். நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டாம், போகிற இடத்துக்குப் போகலாம். ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னேன். மேலே இருந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

சிஸ்டர் மிஸ்டர் சலிவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை வாங்கிக் கட்டில் மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"மைக்கலுக்கு உம்மட பாசை வாசிக்கத் தெரியாது. இப்பிடிக் குடுத்துவிட்டா அவர் ஆரெண்டு கேக்கிறது? இங்கிலீசிலயும் இருக்க வேணும். பேரைச் சொல்லும், நான் எழுதிறன்."

யன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது.

"உம்மட மனுசன் இறந்திட்டாரோ?" என்று கேட்டார். கேள்வியில் இரக்கம் ஒன்றும் இல்லை. படிவம் நிரப்பும்போது கேட்பது போலத்தான் கேட்டார். அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஓம், சிஸ்டர். இறந்திட்டார்."

"பேர்?"

"சிவபாதசுந்தரம்" என்றேன்.

அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாதியில் பிழைத்துப்போய், வெட்டி, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொல்லியிருப்பேன். பிழையில்லை என்று நான் தலையாட்டிய பிறகு தாளை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, துணியைச் சுற்றி ஊசியைக் குத்தினார். புத்தகத்தில் செபமாலை ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று என்று மட்டும் எழுதினார். இருவரும் கையெழுத்து வைத்தோம்.

அடுத்த நாள் காலை, திதிக்கு ஒரு நாள் பார்க்கும்படி ஐயரிடம் கேட்கச் சொல்லி அண்ணையிடம் சொன்னேன். சரி என்றார். ஏழரை மணிக்கு வேலைக்குப் போனேன். பன்னிரண்டாம் கட்டிலுக்கு வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து ஒரு புதிய ஆள் வந்திருந்தார். அவருக்குத் தேநீரில் சீனி கூடாது.